ஒன்பதாவது கட்டம்

1

நான் இருப்பது மத்ரா. மஸ்கட்டை ஒட்டிய துறைமுக ஊர். கடலுக்கும் மொட்டைப் பாறை மலைக்கும் நடுவே ஒரு தெரு ஓடுகிறது. அதில் மீன் மார்க்கெட்டுக்கு நாலு கட்டடம் தள்ளி எங்கள் சாப்பாட்டுக் கடை. மொத்தம் ஆறு மேஜை.

கடைக்கு வருடம் ஒருமுறை உரிமம் புதுப்பிக்க வேண்டும். நகராட்சியை இங்கே பலதியா என்பார்கள். அவர்கள் கொடுக்கும் படிவத்தில் பதினொரு கட்டங்கள். கடையின் பெயர், உரிமம் யார் பெயரில், சமையல்காரர் யார், அவருடைய உடம்புச் சோதனைச் சீட்டு, கழுவுத் தொட்டி எத்தனை என்று கேள்விகள் வரிசையாக வரும். ஒன்பதாவது கட்டத்தில் கேள்வி இதுதான்: எந்த வகைச் சாப்பாடு?

ஐந்து தடவை அதில் ‘இந்திய’ என்று எழுதிக் கொடுத்தோம். எழுதியது இங்கே பள்ளிக்கூடத்தில் அரபி கற்ற என் மகள் செல்வி. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இந்த வருடம் பத்துக் கட்டங்களை அவள் நிரப்பி முடித்துவிட்டு, ஒன்பதை மட்டும் காலியாக விட்டு என் முன்னால் வைத்தாள். ஏன் அப்படி வைத்தாள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

செல்விக்குப் பதினைந்து வயது. ஒன்பது வயதில் இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள், ஊரில் படித்த எழுத்தெல்லாம் மறந்துபோய் இப்போது படிக்க மாட்டாள். என்னுடைய ஐந்தாம் வகுப்புத் தமிழே அவளுக்கு எட்டாத உயரம். இதை அவள் படிக்கப் போவதில்லை என்பதால் அவளைப் பற்றிக் கொஞ்சம் தாராளமாகவே எழுதுவேன்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பத்து வருடம் முடிகிறது. நான் ஊரில் அதிகம் பேசினவன் இல்லை. நாலு பேர் கூடினால் கதவு ஓரமாக நிற்பவன். என்னைத் தெரிந்தவர்கள் போடியிலும் சிலமலையிலும் இருப்பீர்கள். கருப்பையாவா இதை எழுதினான் என்று கேட்பீர்கள். நான்தான் எழுதினேன்.

2

என் அப்பா போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். நான் பிறந்தது லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆறாம் வகுப்புக்கு மலையிறங்கிப் போடிக்கு வர வேண்டும். நான் இறங்கவில்லை. ஸ்டோரில் சோறாக்கப் போய்விட்டேன்.

ஸ்டோர் என்றால் பறித்த ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற கட்டடம். காய்ப் பருவத்தில் அங்கே இருபது, முப்பது பேர் தங்கி வேலை செய்வார்கள். அரிசியும் பருப்பும் கீழேயிருந்து வரும். மழையில் பாதை சரிந்தால் வாரக்கணக்கில் ஒன்றும் வராது. புளி தீர்ந்தால் மரத்தக்காளியைச் சுட்டுப் பிழிந்து ரசம் வைப்பேன். மிளகாய் தீர்ந்தால் காட்டோரம் முளைக்கிற சின்ன மிளகாயான காந்தாரி. காந்தாரியும் இல்லாவிட்டால் கொடியிலிருந்து பச்சை மிளகைக் கொத்தாக ஒடித்து அரைத்துவிடுவேன். கேப்பை மாவை ஏலத்தழையில் சுருட்டி ஆவியில் வைத்தால் கொழுக்கட்டைக்கு இனிப்பே வேண்டாம், தழையின் வாசனையே போதும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முப்பது பேருக்குப் பசித்தது, சுற்றிலும் இருந்ததை எடுத்து ஆக்கினேன். பக்கத்து ஸ்டோரிலும் அப்படித்தான் ஆக்கினார்கள். அங்கே ஆக்கிய மலையாளத்துக்காரரிடமிருந்து கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் கொஞ்சம் மலையாளமும் கற்றுக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நாங்கள் சட்டியில் போட்டதில்லை. ஏலக்காய்.

உலர்ந்த காயைக் காம்பு நீக்கிச் சலித்துத் தரம் பிரிப்பது பெரும்பாலும் பெண்கள். சமையல் சோலி முடிந்ததும் நானும் உட்கார்ந்து பிரிப்பேன். பருமனான பச்சைக்காய் ஒரு பக்கம். அது விற்பனைக்கு. வெடித்தது, வெளுத்தது, சூம்பியது எல்லாம் இன்னொரு பக்கம். வீட்டுக்குப் போகும்போது பெண்கள் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். எங்களுக்கு எப்போதாவது டீயில் போட வெடித்த காயின் தோலைக் கொடுப்பார்கள். முப்பத்தெட்டு வயது வரை ஒரு முழுப் பச்சைக்காயை நான் வாயில் போட்டதில்லை. அது நம்முடையது என்ற நினைப்பே வந்ததில்லை. கையில் பருமனான காய் பட்டதும் விரல் தானாக அதை ஒதுக்கி வைத்துவிடும். இந்த விரல் பழக்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கல்யாணம் ஆனதும் மலையிறங்கினேன். பேச்சி சிலமலைக்காரி, காடு கழனி வைத்திருந்த வீட்டுப் பெண். லயத்தில் இருக்க மாட்டேன் என்று முதல் மாதமே சொல்லிவிட்டாள். போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிகள் இருக்கும் தெருவில், ஒரு கட்டடத்தின் முன்பக்கத்தை வாடகைக்குப் பிடித்துக் கடை போட்டோம். நாலு பெஞ்சு. எழுபதுகளின் தொடக்கம் அது.

அந்தக் கடையில் மலையும் தரையும் ஒரே சட்டிக்குள் வந்தன. சிலமலையிலிருந்து பேச்சி மொச்சையும் நிலக்கடலையும் கொண்டுவருவாள். மேலேயிருந்து ஜீப்புக்காரர்கள் எனக்காகக் கப்பை, பச்சை மிளகு, பலாக்கொட்டை, ஒரு கட்டு ஏலத்தழை கொண்டுவந்து போடுவார்கள். பச்சை மிளகை அரைத்துவிட்டுக் கருவாட்டுக் குழம்பு. பலாக்கொட்டையும் மொச்சையும் சேர்த்து ஒரு கூட்டு. ஊரைச் சுற்றியிருந்த இலவ மரங்களின் அடியில் உதிர்கிற மொக்கைக் காயவைத்து இடித்து மசாலாவில் சேர்த்தேன். ஆட்டுக்கறி அந்த வாசனையில் வேறு கறியாக மாறிவிடும். போடியில் வேறு எந்தக் கடையிலும் இது கிடையாது. நானாகப் பெருமை பேசவில்லை. மலையடிவாரத்து முந்தலில் ஜீப்பை நிறுத்தாமல், பசியைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்து சாப்பிட்டவர்கள் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவன் சன்னாசி, ஜீப்பு டிரைவர். உட்காரும்போதே, “அண்ணே, இன்னைக்கு என்னத்தக் கண்டுபிடிச்சீக?” என்றுதான் கேட்பான்.

3

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஏலக்காய் வியாபாரி. அவரை எல்லாரும் முதலாளி என்போம். ஒரு நாள் காலையில் வடக்கேயிருந்து சரக்கு வாங்க வந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அவர்கள் பூரி கேட்டார்கள். பூரி இல்லை. ஏலத்தழைக் கொழுக்கட்டையைக் கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் தழையைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தங்கள் கையில் பணமாக மாறுகிற செடியின் இலை அது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் முதலாளி தனியாக வந்தார்.

“கருப்பையா, டவுனுக்குள்ள கடையப் போட்டுக்கிட்டு லயத்துச் சோறு போட்டா எப்புடிப்பா? பெரிய ஆளுக வந்து போற தெரு. நாளையிலருந்து இட்லி, பூரி, சாம்பாருன்னு போடு. இந்த எலை தழையெல்லாம் மலையோட இருக்கட்டும்.”

நான் தலையாட்டினேன்.

அவர் மிரட்டவில்லை. காலி பண்ணு என்று சொல்லவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார். அவர் மிரட்டியிருந்தால் பயந்துவிட்டேன் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒருவர் நல்லபடியாகச் சொன்னார் என்பதற்காகவே என் கடையை அவர் கையில் கொடுத்தேன். உள்ளே பேச்சி கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் சன்னாசி வந்து பூரியைப் பார்த்தான். காரணம் கேட்டான், சொன்னேன். “அண்ணே, ஒங்க கழுத்துக்குள்ள ஜீப்பு ஸ்பிரிங்கு எதும் மாட்டியிருக்கா? யாரு என்ன சொன்னாலும் ஆடுது” என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அந்தத் தெருவிலேயே பூரி போடுகிற கடைகள் மூன்று இருந்தன. என்னைவிட நன்றாகப் போட்டார்கள். பெரிய ஆட்கள் ஒரு வாரம் வந்தார்கள், பிறகு அங்கே போய்விட்டார்கள். ஜீப்புக்காரர்கள் முந்தலிலேயே எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். எமர்ஜென்சி முடிந்து தேர்தல் நடந்த வருடம் கடையை மூடினோம். கடைசி நாள் மிச்சமிருந்த கேப்பை மாவைப் பேச்சி ஏலத்தழையில் வைத்து அவித்தாள். நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். “இத வித்திருக்கலாம்” என்றாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

4

மூடின மறு வருடம் பம்பாய் வழியாக மஸ்கட் வந்தேன். ரூவி என்கிற பகுதியில் ஒரு அலுவலகத்தில் காப்பி, டீ போடுகிற வேலை. தமிழ் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. தோட்டத்தில் காதில் விழுந்த மலையாளம்தான் முதல் ஒரு வருடம் என்னைக் காப்பாற்றியது. அரபிக்காரர்களோடு பேச்சுக் கிடையாது, தலையாட்டல்தான்.

இங்கே கஹ்வா என்று ஒரு காப்பி போடுவார்கள். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. காப்பித்தூளைவிட ஏலக்காய்தான் அதில் முக்கியம். முதல் நாள் ஒரு டப்பாவைத் திறந்து காட்டிப் போடச் சொன்னார்கள். உள்ளே பருமனான பச்சைக்காய். மூடியைத் திறந்ததும் ஸ்டோரின் வாசனை முகத்தில் வந்து அடித்தது. எங்கள் பக்கத்துச் சரக்குதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் என்ன செய்தேன் என்று நம் மலைக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும். தட்டில் கொட்டினேன், பிரித்தேன். பருமனான காயை எல்லாம் ஒரு பழைய பால்டின்னில் போட்டு மூடி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். வெடித்ததும் சூம்பியதுமாக அடியில் கிடந்த நாலைத் தட்டிக் காப்பியில் போட்டேன். திருட வேண்டும் என்று செய்யவில்லை, யோசித்தும் செய்யவில்லை. விரல் செய்தது. மூன்று நாள் இப்படியே செய்தேன்.

காப்பியில் வாசனை இல்லை என்று புகார் வந்தது. தேடினார்கள். பால்டின் அகப்பட்டது. மேலாளர் கத்தினார். திருடன் என்ற வார்த்தையை எந்தப் பாஷையில் சொன்னாலும் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். நான் தலையாட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அந்த அலுவலகத்தின் வாசல் காவலர் சுலைமான். என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவர் பால்டின்னை வாங்கிப் பார்த்தார், கீழே இருந்த டப்பாவையும் பார்த்தார். இரண்டையும் தட்டில் கொட்டிக் கலந்துவிட்டு என் முன்னால் தள்ளினார். என் கை பிரிக்கத் தொடங்கியது. ஒரு நிமிடத்தில் பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். அவர் பெரிய குவியலைக் காட்டி, இது யாருக்கு என்று சைகையில் கேட்டார். நான் வெளியே, தூரமாக, கடலைத் தாண்டி இருப்பவர்களுக்கு என்று கையைக் காட்டினேன். சின்னக் குவியலைக் காட்டினார். நான் என் நெஞ்சைத் தொட்டேன்.

சுலைமான் சிரித்த சிரிப்பில் மேலாளரே அடங்கிப்போனார். பிறகு சுலைமான் பெரிய காயில் ஒரு கைப்பிடி அள்ளித் தட்டி, கொதிக்கிற காப்பியில் போட்டு, ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி என் கையில் கொடுத்தார். நான் குடித்தேன். எத்தனை மூட்டை பிரித்திருப்பேன், அதன் ருசி இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது, நான் அதைப் பத்திரமாகவே வைத்திருக்கிறேன்.

5

நாலு வருடம் கழித்துச் சுலைமான் வேலையை விட்டார். அவர் பெயரில் உரிமம் எடுத்து, நான் சமைப்பது என்று மத்ராவில் கடை தொடங்கினோம். அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. இந்தக் கடையில் ஏலக்காயைப் பிரிக்கக் கூடாது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் குடிக்கிற டீயிலும் முழுப் பச்சைக்காய்தான் தட்டிப் போடுகிறேன். வருகிறவர் யார் என்று பார்த்துப் போடுவதில்லை.

அந்த வருடமே பேச்சியும் செல்வியும் வந்து சேர்ந்தார்கள். மார்க்கெட்டில் இங்கத்து உலர்ந்த எலுமிச்சையைப் பார்த்த பேச்சி, “என்ன இது, வெயில்ல போட்டு மறந்துட்டாகளா?” என்றாள். கல் மாதிரி கறுத்து, ஆட்டினால் கடகடவென்று சத்தம் போடும். லூமி என்பார்கள். மரத்தக்காளிக்கு என்ன செய்தேனோ அதையே இதற்கும் செய்தேன். தட்டி, கொட்டையை எடுத்துவிட்டு, மிளகோடு கொதிக்க வைத்து ரசம் வைத்தேன். புளி ரசம் குடித்த நாக்கு முதலில் முறைக்கும், இரண்டாவது வாயில் இறங்கி வந்துவிடும். வற்றல் குழம்பில் வெல்லத்துக்குப் பதில் பேரீச்சம்பாகு. உலர்ந்த சுறாவை இங்கே அவால் என்பார்கள். அதை ஊறவைத்து உதிர்த்துச் சின்ன வெங்காயத்தோடு புட்டு. பேரீச்சை ஓலைப் பெட்டிக்குள் மசாலா தடவிய மீனை வைத்து ஆவியில் அவிக்கிறேன். ஏலத்தழைக்கு அது ஈடில்லை. ஆனால் ஏலத்தழையை நினைத்து அழுதுகொண்டு இருக்கவும் இல்லை. ஓலைக்கு அதன் வாசனை. வயல் ஓரத்தில் விளைகிற பருப்புக்கீரையை இவர்கள் பச்சையாகத் தின்கிறார்கள். பேச்சி அதைக் கடைந்து போட்ட அன்றைக்குப் பலூச்சிக்காரர் ஒருவர் சட்டியையே கேட்டார்.

கூட்டம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ரூவியிலிருந்து படித்த தமிழ்க் குடும்பங்களும் வரத் தொடங்கின. அப்படி வந்தவர்தான் இஞ்சினியர், மெட்ராஸ்காரர். நன்றாகச் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது குறை சொல்வார்.

“கருப்பையா, பேரீச்சம்பழத்துல குழம்பு வைக்கறதெல்லாம் நம்ம சாப்பாடே இல்லைப்பா. ஊர்ல சொன்னா சிரிப்பாங்க.”

நான் கை துடைக்கத் துண்டை நீட்டுவேன்.

போன வருடம் சுலைமானுக்குக் கண் மங்கியது. கடையை மகன் நாசர் பெயருக்கு மாற்றிவிட்டுத் தன் கிராமத்துக்குப் போய்விட்டார். நாசர் நல்ல பையன்தான். ஆனால் படித்தவன், கணக்குப் போடத் தெரிந்தவன். இஞ்சினியர் அவனோடு இங்கிலீஷில் பேசினார். ரூவியில் பெரிய இடம் பார்த்திருக்கிறார். கண்ணாடிக் கதவு, முப்பது மேஜை. இட்லி, மசால் தோசை, சாம்பார். தலைமைச் சமையல்காரன் நான். மத்ரா கடையை மூடிவிட்டு உரிமத்தை அங்கே மாற்ற வேண்டும். எலுமிச்சைக் கருவாடு விவகாரமெல்லாம் அதில் கூடாது.

நாசருக்கு ஆசை வந்துவிட்டது. அவன் வேண்டாம் என்றால், இங்கே வேலை பார்க்க அனுமதிக்கும் என் தொழில் அட்டை செல்லாது. அட்டை செல்லாவிட்டால் மூன்று பேரும் விமானம் ஏற வேண்டும். செல்விக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. உரிமம் புதுப்பிக்க மூன்று வாரம் இருந்தது.

6

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் பேச வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எனக்கு அரபி கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். செல்வியை நடுவில் வைத்துப் பேச வேண்டியதாயிற்று.

செல்வி கடைக்கு வர விரும்புவதில்லை. உடுப்பில் மீன் வாசனை ஒட்டிக்கொள்ளும் என்பாள். அவளுடைய சிநேகிதிகளின் அப்பாக்கள் எல்லாம் ஆபீசில் இருக்கிறார்கள். எங்க அப்பாவும் ரூவியில்தான் வேலை பார்க்கிறார் என்று அவள் ஒருத்தியிடம் சொன்னதை நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். கண்ணாடிக் கதவு வைத்த ஓட்டல் அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் என்ன சொன்னாலும் அவள் அதைக் கொஞ்சம் மெழுகித்தான் சொல்வாள் என்று நினைத்தேன்.

காலையில் அடுப்பைப் பற்றவைத்தபடியே பேச்சி சொன்னாள். “இன்னைக்கும் தலைய ஆட்டிட்டு வந்தீகன்னா நான் பாட்டுக்குத் தேவாரத்துல எங்க அக்கா வீட்டுக்குப் பஸ்சேறிருவேன்.”

“இங்கருந்து தேவாரத்துக்கு ஏது பஸ்சு?”

“அது எங்க சோலி. நீங்க ஒங்க கழுத்தப் பாத்துக்கங்க.”

வந்து உட்கார்ந்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். வழக்கம்போல முழுப் பச்சைக்காய் தட்டிப் போட்டது. இஞ்சினியர் திட்டத்தை எல்லாம் விளக்கினார். என் சம்பளத்தைச் சொன்னார். செல்வியைப் பார்த்து, அவள் காலேஜ் படிப்பைப் பற்றிக்கூடச் சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. போடி முதலாளி பேசின மாதிரியே இருந்தது. அதே சிரித்த முகம். கடைசியில், “நம்ம ஜனங்களுக்கு நம்ம சாப்பாடு. என்ன கருப்பையா, சரிதானே?” என்றார்.

என் தலை அசையத் தொடங்கியது எனக்கே தெரிந்தது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“நாஞ் செய்யறது எங்க ஊரு சாப்பாடுதேன், சார்” என்றேன். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. “மலையில என்ன கெடைச்சுச்சோ அத வச்சு ஆக்குனோம். இங்க லூமி கெடைக்குது, லூமிய வச்சு ஆக்குறேன். எங்க ஊருல அப்புடித்தேன் ஆக்குவாக. பூரி போடச் சொல்லி ஒரு தடவ ஒருத்தர் சொன்னாரு, போட்டேன். இன்னொரு தடவ போட மாட்டேன். கடை வேணாமுன்னா நான் ஊருக்குப் போறேன். மாத்த மாட்டேன்.”

இஞ்சினியர் என்னை அல்ல, செல்வியைத்தான் பார்த்தார். நாசரும் அவளைத்தான் பார்த்தான். என்ன சொன்னார் என்று கேட்டான்.

செல்வி என் பக்கம் திரும்பி, “நெஜமாவே சொல்லிறவாப்பா?” என்றாள்.

“சொல்லு, தாயி.”

அவள் அரபியில் சொன்னாள். நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. என் பேச்சு இவ்வளவு நேரம் ஓடவில்லையே என்று பார்த்தேன். நடுவில் போடி என்ற வார்த்தை கேட்டது. கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டது. இவளிடம் போடிக் கடையைப் பற்றி நான் ஒரு நாளும் பேசியதில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்தேன். பேச்சி கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அரபி ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் என்ன நடக்கிறது என்று எனக்கு முன்னாலேயே தெரிந்த முகம் அது.

நாசர் டம்ளரை எடுத்தான். அடியில் கிடந்த ஏலக்காய்த் தோலைப் பார்த்தான். பிறகு என்னிடம் நேராக, எனக்குப் புரிகிற சின்ன அரபியில் கேட்டான். “ஏலக்காயைப் பிரித்து ஒளித்துவைத்த ஆள் நீதானே? அப்பா சொல்வார்.”

ஆமாம் என்றேன்.

அவன் சிரித்தான். தகப்பன் சிரிப்பே அவனுக்கும். இஞ்சினியரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். நாசர் போகும்போது ஒரு விரலைக் காட்டினான். ஒரு வருடம். ஒரு வருடம் பார்ப்பேன், நஷ்டம் வந்தால் மாற்றுவேன்.

ஒரு வருடம் எனக்குப் போதும்.

அதற்குப் பிறகு ரூவித் தமிழர்கள் பாதிப் பேர் வருவதில்லை. அவர்கள் சங்கத்துப் பொங்கல் சாப்பாட்டை வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள். வராதவர்கள் வராமல் இருக்கட்டும். துறைமுகத்துக்காரர்களுக்கு மேஜை காலியாகக் கிடைக்கிறது.

7

இப்போது படிவத்துக்கு வருகிறேன். ஒன்பதாவது கட்டத்தைக் காலியாக வைத்து, “நீங்க சொல்லுங்கப்பா, நான் எழுதறேன்” என்றாள் செல்வி. அன்றைக்கு நாசரிடம் என்ன சொன்னாய் என்று அப்போதுதான் கேட்டேன்.

“நீங்க சொன்னதத்தான் சொன்னேன். அப்பறம் போடில நடந்ததச் சொன்னேன். மாத்தச் சொன்னாங்க, மாத்துனோம், கடை போச்சுன்னு. இதையும் மாத்துனா இதுவும் போகும்னு சொன்னேன்.”

“ஒனக்கு யாரு சொன்னது?”

“அம்மா. வருஷத்துக்கு நாலு தடவ சொல்றாங்க.” பேனாவை உருட்டிக்கொண்டே, “அந்த இலைக் கொழுக்கட்டைய நான் சாப்பிட்ட ஞாபகமே இல்ல” என்றாள். குறையாகத்தான் சொன்னாள். ஏலத்தழைக்கு நான் எங்கே போவேன். கட்டத்துக்கு ஒரு வார்த்தை சொன்னேன், எழுதினாள்.

பலதியா ஆபீசுக்கு இரண்டு பேரும் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட எழுத்தர். படிவத்தை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒன்பதாவது கட்டத்தில் நின்றார். செல்வியிடம் ஏதோ கேட்டார். இப்படி ஒரு வகை தன் பட்டியலில் இல்லை, இந்திய, அரபு, சீன, துருக்கி என்றுதான் இருக்கிறது, இது என்ன என்று கேட்டதாக அவள் சொன்னாள்.

போன வருடமாக இருந்தால் ‘இந்திய’ என்றே போட்டுக்கொள்ளச் சொல்லித் தலையாட்டியிருப்பேன். இந்தியச் சாப்பாடு என்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அப்படி ஒரு பொது வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இஞ்சினியர் என் சட்டிக்குள் கையை விட்டார். பட்டியலில் இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ளச் சொல் என்றேன். செல்வி என்னைப் பார்த்தாள், பிறகு அவரிடம் சொன்னாள். அவர் உள்ளே போய்ப் பெரிய ஆளிடம் காட்டினார். நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முன்பானால் அந்த முணுமுணுப்புக்கே நான் வெளியே போயிருப்பேன். அன்றைக்கு ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அவர் திரும்பி வந்து, கடை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். மீன் மார்க்கெட்டுக்கு நாலு கட்டடம் தள்ளி என்றாள் செல்வி. முத்திரை குத்திக் கொடுத்தார். ஒன்பதாவது கட்டத்தில் அரபி எழுத்தில் ஒரே வார்த்தை. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அது போடி என்று எனக்குத் தெரியும். சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் அந்த எழுத்தர் கடைக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஜன்னல் ஓர மேஜையில் உட்கார்ந்தார். என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. ஒரு போடிச் சாப்பாடு என்று அரபியில் சொன்னார்.

கொண்டுபோய் வைத்தேன்.